நல்ல தண்ணிக் கிணறும் கக்கூஸ் குழியும்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. அதுக்குப் பிறகு கையெழுத்து வைத்ததும் செபப்புத்தகம் வாசித்ததும்தான். முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்கும், பின்னுக்கு நடந்ததை முன்னுக்கும் எழுதிவிடுவேன். ஆக்களுடைய பெயர் மறந்துபோகும், அதனால் பெயரே எழுதாமல் விடுகிறேன். கக்கூஸைப் பற்றியெல்லாம் எழுத வேண்டி வருகிறது. அதுக்கும் மன்னிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்கட வீடு மன்னார்த் தீவில் கீரியில், கடற்கரையில் இருந்து கொஞ்சம் உள்ளுக்கு. இந்தியாவில் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்த பிறகு வீட்டுத்திட்டக் காசில் கட்டியது. ஒரு விறாந்தை, இரண்டு அறை, ஒரு குசினி, அவ்வளவுதான். கக்கூஸ் வளவின் பின்மூலையில் தனியாக நிற்கிறது. குசினிப் பக்கமாக ஒரு கிணறு இருக்கிறது. வீட்டைக் கட்டிவித்தது என் மனுசன். அவர் செத்த பிறகு நான் தனியாகத்தான் இருக்கிறேன்.

மன்னார்த் தீவைத் தெரிந்தவைக்கு இந்தக் கிணற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தெரியாதவைக்குச் சொல்கிறேன். இங்கே எங்கே தோண்டினாலும் ஆள் உயரத்துக்குள் தண்ணி வரும். ஆனால் வாயில் வைக்கக்கூடிய தண்ணி எல்லா இடத்திலும் வராது. பக்கத்து வளவுக் கிணறு உவர். அதுக்கு அடுத்த கிணற்றில் உடுப்புக்கூடத் தோய்க்கேலாது, சவுக்காரம் நுரைக்காது. எங்கடையில் நல்ல தண்ணி மேலே ஒரு படை மாதிரி நிற்கும். மோட்டர் போட்டு இழுத்தால் கீழே இருக்கிற உவர் ஏறிவிடும் என்று வாளியால்தான் அள்ளுவோம். குழாய்த் தண்ணியும் இப்போது வந்திருக்கிறது. மருந்து மணக்கும். சில நாள் தண்ணி வரும், சில நாள் காற்று மட்டும் வரும். அதனால் எங்கட ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில் இருக்கிற பெண்டுகள் தேத்தண்ணிக்கும் சோற்றுக்கும் என்னட்டைத்தான் வந்து அள்ளுவினம்.

எனக்கு ஒரே மகன். பிரான்சில் இருக்கிறார். போன வருசம் போனில் கூப்பிட்டு, ஆவணியில் மடு மாதா கோயில் திருநாளுக்குக் குடும்பமாக வாறம் என்றார். எனக்குச் சந்தோசம். பிறகு சொன்னார், பிள்ளைகள் இருட்டில் வளவுக்குள்ளால் நடந்து கக்கூஸுக்குப் போகமாட்டினமாம், வீட்டுக்குள்ளே ஒன்று கட்ட வேணுமாம். குசினிக்கு மாபிள் பதிக்க வேணுமாம். வாசல் படலையடியில் மாதாவுக்குக் குகை போல ஒரு கெபி, தண்ணி பாய்கிற மாதிரி. உங்களுக்கும் முழங்கால் ஏலாதுதானே அம்மா என்றார். அது உண்மைதான். மாரியில் குடையைப் பிடித்துக்கொண்டு பின்மூலைக்குப் போய் வருவது எனக்கும் பெரிய பாடு.

ஆனால் கக்கூஸ் வரப்போகிற இடம் குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம். நான் சோறு வடித்துக்கொண்டு நிற்க, ஒரு கல் தடிப்புச் சுவருக்கு அங்காலை ஒருத்தர் குந்தியிருப்பார். இதை நினைத்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வளவுக்காரியிட்டைச் சொன்னேன். அவள் என்னைவிட இளையவள், வாய் கொஞ்சம் நீளம். "இனியென்ன அக்கா, கட்டிலில இருந்து காலை நீட்டினால் கக்கூஸ், கையை நீட்டினால் குசினி. படுத்த படுக்கையிலயே எல்லாம் முடிச்சிடலாம்" என்றாள். சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது.

கட்டட வேலையை மொத்தமாக எடுத்துச் செய்கிற கொந்தராத்துக்காரரை மகன்தான் பிடித்தார். போனில் படங்கள் பார்த்துப் பிடித்தது. மன்னார் பட்டினத்தில் இருந்து வெள்ளைப் பிக்கப்பில் வந்தார். வாசம் போட்டிருந்தார், அதுக்குள்ளால் வியர்வை மணந்தது. சப்பாத்தோடு விறாந்தையில் ஏறி, அறைக்குள் போய், என் கட்டிலையும் தாண்டிப் போய்ச் சுவரைத் தட்டினார். வாகனச் சாவியால் காதைக் குடைவார், பிறகு அந்தத் திறப்பாலேயே சுவரில் கோடு கீறி இதில கதவு, இதில பேசின் என்று காட்டுவார். என்னட்டை அல்ல, போனில் இருக்கிற மகனிட்டை. நான் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன். ஏதும் கேட்கலாம் என்று வாய் திறக்க, அவர் போனைத் தூக்கி முகட்டைக் காட்டுவார். நான் வாயை மூடிவிடுவேன். எனக்கு ஆம்பிளைகளோடு நின்று கதைத்துப் பழக்கமில்லை. மனுசன் இருக்கும்வரைக்கும் கதவுக்குப் பின்னால் நின்று கதைத்தவள் நான்.

அளந்து முடிய மத்தியானமாகிவிட்டது. பாரைமீன் குழம்பும் சொதியும் வைத்திருந்தேன். குழம்பு மணம் விறாந்தை வரைக்கும் வந்தது. அவர் ஒருக்கா மூக்கை உறிஞ்சினார். வீட்டில் நிற்கிற மனுசனை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெறும் வயிற்றோடு போகச் சொல்ல எனக்கு வரவில்லை. சாப்பிடுங்கோ என்றேன். மறுக்கவில்லை. மேசையில் இருந்து, வாய் நிறையச் சோற்றோடு மகனோடு கதைத்தபடியே தின்றார். முள்ளைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் என் மேசைச் சீலையில் வரிசையாக வைத்தார். மீசையில் ஒரு சோறு கடைசிவரைக்கும் ஒட்டியிருந்தது, அவர் கதைக்கக் கதைக்க அது ஆடியது. பிறகு கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். வாளியில் கிடந்த தண்ணியைச் சரித்துக் கழுவி, வாயைக் கொப்பளித்து, கிணற்றுக் கட்டிலேயே துப்பினார். கட்டின் விளிம்பில் துப்பல் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். 

அவர் போன பிறகு தும்புத்தடி எடுத்துக் கட்டைத் தேய்த்துக்கொண்டு நிற்கப் பக்கத்து வளவுக்காரி வாளியோடு வந்தாள். என்ன அக்கா இந்த நேரத்தில தேய்க்கிறீங்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சோறும் போட்டனீங்களோ?"

ஓம் என்றேன்.

"அப்ப வேலையைக் குடுத்திட்டீங்கள்."

எங்கட பக்கத்து மேசன்மாருக்குள் ஒரு வழக்கம். அளக்க வாற ஆளுக்குத் தேத்தண்ணி குடுக்கலாம், இளநி குடுக்கலாம். சோறு போடுவது வேலை தொடங்குகிற அன்றைக்குத்தான். வீட்டுக்காரர் கையால் சோறு தின்ற மேசன்தான் அந்த வீட்டு மேசன். அதுக்குப் பிறகு இன்னொருத்தன் அந்த வளவில் அளவு நாடாவை விரிக்கமாட்டான். இது எனக்குத் தெரியாத விசயமில்லை. எங்கட வீடு கட்டத் தொடங்கிய அன்றைக்கும் மேசனுக்கு நான்தான் சோறு சமைத்தேன். ஆனால் கூப்பிட்டதும் பேசியதும் மனுசன். நான் குசினிக்குள் நின்றவள். அந்தச் சோற்றுக்கும் இந்தச் சோற்றுக்கும் ஒரே அர்த்தம் என்று என் மண்டையில் ஏறவில்லை.

பின்னேரத்துக்கிடையில் கொந்தராத்துக்காரர் சந்தித் தேத்தண்ணிக் கடையில் சொல்லிப்போட்டார், கீரியில் அந்த அம்மாவின் வேலை தன்னுடையது என்று. நான் மனதில் வைத்திருந்தது பின்னொழுங்கையில் இருக்கிற ஒரு மேசனை. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொன்ன ஆள். அடுத்த நாள் போனில், நீங்கள் சோறு போட்ட இடத்தில நான் வந்து நிண்டால் சரியில்லை அம்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகனிட்டைச் சொன்னேன். அவர் சிரித்தார். பரவாயில்லை, அந்த ஆள்தான் நல்ல ஆள், வேலை எல்லாம் போனில பாத்தனான் என்றார். நான் போனில் பார்க்கவில்லை, கண்ணால் பார்க்க வேணும் என்றேன். அவ்வளவும் கேட்பதற்கே எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

கொந்தராத்துக்காரர் தானே பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனார், என்னையும் பக்கத்து வளவுக்காரியையும். பேசாலைக்குப் போகிற வழியில், பெருந்தெருவில் இருந்து உள்ளுக்கு ஒரு வீடு. அவர் முடித்துக் குடுத்து ஒரு வருசமும் ஆகவில்லையாம். முன்னுக்கு மாதா கெபி, நீல லைற், சின்ன மோட்டர் ஒன்று மாதாவின் காலடியில் தண்ணியைச் சுற்றிச் சுற்றிப் பாய்ச்சிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் நிலமும் மாபிள், சுவரும் மாபிள். ஆசுப்பத்திரிக்குள் வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரப் பிள்ளை நல்ல மரியாதை. கதிரையைத் துடைத்துப் போட்டு இருத்தி, பூப்போட்ட கோப்பையில் பால்தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள்.

முதல் வாயிலேயே ஒரு மணம் வந்தது. பால்மாப் பழசாக்கும் என்று நினைத்தேன். குடிக்காமல் வைத்தால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும், அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதிக்கு மேலே குடித்துவிட்டேன். பக்கத்து வளவுக்காரி முழுவதையும் குடித்துவிட்டு இன்னொன்றும் வாங்கினாள். அவளுக்குச் சீனி கூடப் போட்டால் போதும், வேறொன்றும் தெரியாது.

பிறகு கக்கூஸைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல வெள்ளையாக இருந்தது. பின்கதவால் வெளியில் இறங்கினோம். அங்கே வட்டமாக ஒரு சீமெந்து மூடி, அதுக்கு மேலே பூச்சாடிகள், நடுவில் ஒரு காற்றுக் குழாய் நிமிர்ந்து நின்றது. கிணறு இருக்கிற வளவு மாதிரித்தான் இருந்தது, வாழையும் கமுகும் நின்றது, கிணற்றை மட்டும் காணவில்லை.

"கிணறு எங்கை பிள்ளை?" என்று கேட்டேன்.

"அதுதான் அம்மா" என்று பூச்சாடிகளைக் காட்டினாள். "குழி வெட்டுற செலவு மிச்சமெண்டு அதையே குழியாக்கித் தந்தவர்."

அப்ப குடிக்கிறதுக்கு என்று கேட்டேன். குழாய் வராத நாளில் பக்கத்து வளவில் அள்ளுவோம் என்றாள். இண்டைக்கும் குழாய் வரேல்ல என்றாள்.

அந்த வீட்டுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் தகர வேலி. அதுக்கு மேலாகப் பார்த்தேன். அந்த வளவுக் கிணறு வேலியோடு ஒட்டித்தான் இருந்தது. நான் நின்ற இடத்தில் இருந்து ஒரு துணியை உதறினால் அதில் போய் விழும். ஒரு மனுசி அள்ளிக்கொண்டு நின்றாள். வாளி மேலே வர அந்த மணமும் வந்தது. என் வாயில் இருந்த மணம்.

ஓங்காளித்தது. அடுத்தவள் வளவில், அந்தப் பிள்ளைக்கு முன்னால், எப்படிச் சத்தி எடுக்கிறது? சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு விழுங்கினேன். ஒரே தண்ணியை இரண்டு தரம் விழுங்கின மாதிரி. அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளேல்லைப் போல என்று கொந்தராத்துக்காரர் சொன்னார்.

பிக்கப்பில் வரும்போது அவர் சந்தோசமாகக் கதைத்துக்கொண்டு வந்தார். உங்கட கிணறும் அப்பிடித்தான் அம்மா, கட்டும் வளையமும் போட்டு ரெடியாக் கிடக்கு, மூடியை வார்த்து விட்டால் சரி, மகனிட்டைச் சொல்லிப்போட்டன் என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து வளவுக்காரி என் காதுக்குள், "நான் ரெண்டு கோப்பை குடிச்சனான் அக்கா" என்றாள். அவள் முகம் சாம்பல் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று சத்தி எடுத்தோம். உப்பும் கரியும் போட்டு வாயைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அந்த மணம் போகவில்லை. எத்தனையோ நாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுக்கவே கூசியது.

இந்தத் தீவில் மணலுக்குக் கீழே எல்லாம் ஒரு தண்ணிதான். ஒருத்தர் தன் குழியில் விடுவது மற்றவருடைய வாளியில் வரும். இது படித்தவைதான் சொல்ல வேணும் என்றில்லை, ஒரு நாள் இங்கே தண்ணி அள்ளின ஆருக்கும் தெரியும். அந்தக் கொந்தராத்துக்காரருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்கிறார். அவருக்கு அந்த மணம் அவருடைய வாசத்துக்கு மேலால் தெரிவதில்லைப் போல.

அன்றைக்கே மகனைக் கூப்பிட்டுக் கிணற்றை மூடக்கூடாது என்று சொன்னேன். மகன் ஆறுதலாகத்தான் கதைத்தார். "அம்மா, பைப் தண்ணி இருக்குத்தானே. குடிக்கப் போத்தில் தண்ணி வாங்கலாம். ஆர் இந்தக் காலத்தில கிணத்துத் தண்ணி குடிக்கிறது?" என்றார். முகாமில் ஒரு குடம் தண்ணிக்கு என் சீலையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளை. ஒழுங்கையில் இத்தனை வீடு இதில குடிக்குது தம்பி என்றேன். அவை வேற வழி பாக்கட்டும் என்றார். கொந்தராத்துக்காரர் என் கிணற்றுக் கட்டில் துப்பின மாதிரித்தான் அந்தப் பேச்சும் எனக்கு இருந்தது. பெற்ற பிள்ளையில் அருவருப்பு வரும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வந்தது. அதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அதுக்குப் பிறகு ஒரு நாள் காலமை பிக்கப் வந்து நின்றது. பின்னால் மணல் லோறி. கொந்தராத்துக்காரரும் இரண்டு வேலையாட்களும் உடைக்கிற அலவாங்கோடு நேரே கிணற்றடிக்குப் போனார்கள். வீட்டு வேலை தொடங்க முதல் குழி வேலையை முடிக்க வேணுமாம், கிணற்றுக் கட்டை உடைத்து இறக்கி மூடி வார்க்க வேணுமாம். ஒழுங்கைப் பெண்டுகள் நாலைந்து பேர் அள்ளிக்கொண்டு நின்றவை. கடைசியாக ஒருக்கா அள்ளிக்கொண்டு போங்கோ, நாளைக்கு வந்து அள்ளினால் வேற சாமான்தான் வரும் என்று கொந்தராத்துக்காரர் சொல்லிச் சிரித்தார். ஒரு கையில் போன், போனில் மகன்.

நான் குசினி வாசலில் நின்றேன்.  போய்க் கிணற்றுக் கட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டேன்.

"வீட்டை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. இதில கை வைக்க வேண்டாம்."

"அம்மா, இது மகன் சொன்ன வேலை."

"மகன் இதில தண்ணி குடிக்கிறேல்ல. குடிக்கிற ஆக்கள் இஞ்ச நிக்கினம்."

அவர் போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள்தானே அம்மா சோறு போட்டனீங்கள்? சோறு போட்டு வேலை தந்திட்டு இப்ப இப்பிடிக் கதைச்சால்?"

"பசியோட நிண்டீங்கள், போட்டனான். நாய் வந்து நிண்டாலும் போடுவன்."

என் வாயில் இருந்துதான் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து வளவுக்காரி வாளியைத் தொப்பென்று வைத்துவிட்டுச் சிரித்தாள். மற்றவையும் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. அண்ணை கேட்டீங்கள்தானே என்று போனுக்குள் சொன்னார். போனுக்குள் இருந்து மகன் அம்மா அம்மா என்று கூப்பிட்டார். நான் போனை வாங்கவில்லை. வாங்கினால் மகன் சொல்வதுக்கு ஓம் என்று சொல்லிவிடுவேன் என்று பயம். குசினிக்குள் போய் நின்றேன், பிக்கப் போகிற சத்தம் கேட்கும்வரைக்கும். மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. கடற்கரையில் அள்ளின மணல். அதைக் கொண்டுதான் எங்கட சுவரைப் பூசியிருப்பார், அடுத்த மாரிக்கு எல்லாம் பொருமி விழுந்திருக்கும்.

அந்த மனுசனை நாய் என்று சொன்னது எனக்கு வெட்கம்தான். அவரை நினைத்தல்ல, என் வாயை நினைத்து.

அவர் சும்மா இருக்கவில்லை. கீரி அம்மா சோறு போட்டுவிட்டு மேசனை நாய் என்கிறாள் என்று தீவு முழுக்கச் சொன்னார். எந்த மேசனைக் கேட்டாலும் வரமாட்டேன் என்றான். மகனும் கூப்பிடவில்லை. கோயிலில் பூசைக்குப் போனால் சிலர் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். ஆவணி கிட்ட வந்துகொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் வராமல் விட்டுவிடுவினமோ என்று ஒவ்வொரு நாளும் செபமாலை சொன்னேன்.

கடைசியில் பக்கத்து வளவுக்காரிதான் ஒரு ஆளைப் பிடித்தாள். தீவுக்கு வெளியே நறுவிலிக்குளத்தில் அவளுக்குத் தெரிந்த குடும்பம், வயல் செய்கிற ஆக்கள், அதில் ஒருத்தர் மேசன். அங்கே சோற்றுக் கதையெல்லாம் இல்லையாம். பஸ்ஸில் வந்து இறங்கினார். வாய் நிறைய வெற்றிலை. படலையைத் திறந்த உடனே சிவப்பாகத் துப்பினார், என் செவ்வரத்தை மரத்தடியில். காலமையிலேயே சாராயம் மணந்தது. நகத்துக்குள் ஊத்தை, வேட்டியில் ஊத்தை. இவரிலும் எனக்கு அரியண்டம்தான். ஆனால் இந்த முறை தண்ணிகூடக் குடுக்கவில்லை. படலையடியில் மறித்து வைத்துக்கொண்டே கேட்டேன், குழியை எங்கே வெட்டுவீங்கள் என்று.

அவர் வளவைச் சுற்றி வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்க்க முதல் வெற்றிலையை ஒழுங்கையில் போய்த் துப்பிவிட்டு வந்தார், அதை நான் கவனித்தேன். பிறகு, சுகாதாரப் பரிசோதகர் வந்து இடம் காட்டாமல் நான் வெட்டமாட்டன், எனக்குப் பிறகு வழக்கெண்டு கோட்டுக்கு அலையேலாது என்றார். நல்ல மனதால் சொன்னதல்ல, எங்கேயோ ஒருக்கா மாட்டுப்பட்டிருக்கிறார் என்று விளங்கியது.

பரிசோதகர் ஐயா வந்து நாடா பிடித்து அளந்தார். பழைய கக்கூஸ் குழி பாதி தூர்ந்து இடிகிற நிலை, புதுக் கக்கூஸுக்கு அது தாங்காது. கிணற்றில் இருந்து அவர் சொன்ன தூரம் தள்ளிப் புதுக் குழி வெட்ட வளவுக்குள் ஒரேயொரு இடம்தான் இருந்தது. படலையடி. மாதாவுக்குக் கெபி கட்ட மகன் காட்டின அதே இடம்.

அன்றைக்கு முழுக்க நான் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வாற ஆக்கள் அதைத் தாண்டித்தான் வரவேணும். பங்குக் குருவான சுவாமியிட்டைக் கேட்கலாம் என்று கோயில் வரைக்கும் போனேன். கக்கூஸ் குழியையும் மாதாவையும் ஒரே வாயால் கேட்க வெட்கமாக இருந்தது, கேட்காமல் திரும்பி வந்தேன். வந்து மேசனிட்டை வெட்டுங்கோ என்றேன். அவருக்கு வேலையைக் குடுத்தது அவரில் பிடித்துப்போய் அல்ல. மற்றவரைவிட அருவருப்புக் குறைவு, அவ்வளவுதான். வேலை நடந்த காலம் முழுக்க வளவெல்லாம் வெற்றிலைத் துப்பல், பீடிக் கட்டை. ஒவ்வொரு பின்னேரமும் மண் போட்டு மூடினேன். நிலத்துச் சாய்ப்பும் சரியில்லை, குளித்தால் தண்ணி கதவுப் பக்கம்தான் ஓடுகிறது. அதை இன்றைக்கும் நான் துணியால் ஒற்றி எடுக்கிறேன்.

மகன் என்னோடு கதைக்காமல் இருந்தாலும், சொன்னபடி ஆவணியில் குடும்பமாக வந்தார். பேரப்பிள்ளைகள் உள்ளே இருக்கிற கக்கூஸைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். மகன் படலையடியில் நின்றுவிட்டார். மூடி நல்ல இறுக்கம், ஒரு மணமும் இல்லை, இருந்தாலும் மூக்கைப் பொத்தினார். "ஆரம்மா வாசலில கக்கூஸ் குழி வைக்கிறது? சனம் பாத்தால் என்ன சொல்லும்?" என்றார். சனம் தண்ணி அள்ள வரேக்கை ஒவ்வொரு நாளும் பாக்குது என்றேன்.  கெபி கட்டவில்லை. நின்ற நாள் முழுக்க அவர் போத்தில் தண்ணிதான் வாங்கிக் குடித்தார். வெறும் போத்தில்கள் பின்வளவில் மலை மாதிரிக் கிடக்கின்றன. அதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு மாதிரித்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் பேப்பரும் பேனையும் எடுத்திருக்கமாட்டேன். இப்போது எங்கட ஒழுங்கை முடிவில் ஒரு வீட்டுக்காரர் அந்த வெள்ளைப் பிக்கப்காரரையே பிடித்திருக்கினம். அவையின் கிணறு உவர். உவர்க் கிணறுதானே, என்னத்துக்கு உதவும் என்று அதைக் குழியாக்கச் சொல்லியிருக்கினம். அவையின் கிணற்றுக்கும் எங்கட கிணற்றுக்கும் நடுவில் இரண்டு வளவுதான். நான் பக்கத்து வளவுக்காரியைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று, தண்ணியெல்லாம் கீழே ஒன்றுதான் என்று சொன்னேன். வீட்டுக்காரத் தம்பி மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு, "அம்மா, நீங்கள் சொல்லுறது சட்டத்தில எங்கை கிடக்கு? எத்தினை அடி எண்டு சரியாச் சொல்லுங்கோ, நான் நிப்பாட்டுறன்" என்றார்.

எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. பரிசோதகர் ஐயா எங்கட வளவில் அளந்தபோது ஐம்பது அடி என்று சொன்ன மாதிரி ஞாபகம், நாற்பதோ என்றும் இருக்கிறது. அவர் மாறிப் போய்விட்டார், சுகாதாரக் கந்தோரில் இப்ப இருக்கிறவரை எனக்குத் தெரியாது. அந்த அடிக்கணக்கு உவர்க் கிணற்றுக்கும் பொருந்துமா, பழைய கிணற்றைக் குழியாக்குவதற்குத் தடை இருக்கிறதா, மாரியில் மணலுக்குக் கீழே தண்ணி எந்தப் பக்கம் நகரும், இதொன்றும் எனக்கு நிச்சயமில்லை. இதை வாசிக்கிறவையில் தெரிந்த ஆராவது இருந்தால், நான் எழுதினதைப் பார்த்துப் பிழையானதை வெட்டி, சரியானதை எழுதித் தாங்கோ. என் எழுத்தை நம்பி ஒருவரும் குழி வெட்டவும் வேண்டாம். ஆனால் கெதியாகப் பார்க்க வேணும். நேற்றுப் பின்னேரம் நான் அந்தப் பக்கம் போனபோது மூடி வார்க்கிறதுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.